பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்கள வீட்டோட உக்காந்து பாக்குறது எப்படி: யாரு கதைக்குள்ள, யாரு ஓரத்துல

மும்பை தோபி தலாவ்ல இருக்குற மெட்ரோ தியேட்டர 1938ல கட்டினதே ஹாலிவுட் எம்ஜிஎம் கம்பெனிதான், அவங்க படங்கள ஓட்டுறதுக்குன்னே கட்டினது. அதனால மாதுங்கா, சயான், செம்பூர் பக்கம் ரொம்ப காலமா இருக்குற தமிழ்க் குடும்பங்கள்ல ஃப்ரெட் அஸ்டேர் ஆட்டத்தப் பத்தி கண்ணு விரியப் பேசுற பெரியவங்க இன்னும் இருக்காங்க. அந்தப் படங்கள இப்ப பேரப்பசங்களோட பாக்கும்போதுதான் சிக்கல். ஜாலியா ஓடிட்டு இருக்குற படத்துல திடீர்னு வெள்ளக்கார ஹீரோ மூஞ்சில கருப்பு மை பூசிக்கிட்டு வந்து ஆடுவாரு, பெரியவங்க ரிமோட்டத் தேடுவாங்க, பசங்க ஏன் இப்படி வர்றாருன்னு கேக்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது.

எனக்கு இந்தப் படங்கள் உயிரு. "அந்தக் காலம் அப்படித்தான்"னு ஒதுக்குறவங்களும், "எல்லாம் இனவெறி, பாக்காதீங்க"ன்னு ஒதுக்குறவங்களும் ஒரே மாதிரிதான் எனக்குத் தெரியுறாங்க, ரெண்டு பேருமே அந்தப் படத்துல வேல பாத்த கருப்பின, ஆசிய, லத்தீன் கலைஞர்களப் பாக்காமயே போயிடுறாங்க. அவங்களத் தேடிப் பாக்குறது எப்படின்னுதான் இங்க சொல்லப் போறேன். சினிமா படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, கவனம் இருந்தா போதும்.

மொதல்ல நம்ம கதையில ஆரம்பிங்க

ஹாலிவுட்டுக்குப் போறதுக்கு முன்னாடி 1968ல வந்த படோசன் இந்திப் படத்துல இருந்து அந்தப் பாட்டுப் போட்டிய மட்டும் போடுங்க, மெஹ்மூத் தென்னிந்தியப் பாட்டு வாத்தியாரா வருவாரே அது. மன்னா டே பாட்டு அபாரம், மெஹ்மூத் டைமிங் அபாரம், வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிஞ்சதும் பெரியவங்ககிட்ட கேளுங்க, அந்தப் படம் வந்தப்ப ஸ்கூல்ல, ஆபீஸ்ல, லோக்கல் ட்ரெயின்ல உங்கள என்ன சொல்லிக் கூப்ட்டாங்க? மும்பையில தென்னிந்தியர்களுக்கு எதிரா அரசியல் சூடாயிட்டு இருந்த அதே வருஷங்கள் அது. குடுமி, அய்யய்யோ, தலைய ஆட்டுறது, கடைசில பொண்ணு கெடைக்காம தோத்துப் போறது, இவ்வளவுதான் அந்தப் படத்துல நம்ம ஆளு.

இத ஏன் மொதல்ல போடச் சொல்றேன்னா, ரசிச்சுக்கிட்டே வலிக்கவும் செய்யலாம்னு நம்ம வீட்டு ஆட்களுக்கு இதுல ஒடனே புரிஞ்சிடும், அதுக்கப்புறம் 1930கள்ல நியூயார்க் ஹார்லெம்ல உக்காந்து படம் பாத்த ஒரு கருப்பினக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்னொன்னும் பேசிடுங்க. நம்ம தமிழ்ப் படக் காமெடியில கருப்பா இருக்குறவங்கள வெச்சு எத்தன ஜோக் வந்திருக்கு, செவப்பா இருக்குற நடிகருக்கு மேக்கப் போட்டுக் கருப்பாக்கி ஏழையா, சேரி ஆளா நடிக்க வெச்சது எத்தன தடவ. தாராவியில வளந்த பசங்க யாராவது கூட இருந்தா அவங்கள மொதல்ல பேச விடுங்க, அவங்களுக்கு இதுல சொல்ல நெறைய இருக்கும்.

கத்திரி எங்க விழும்னு பாருங்க

நான் சொல்லப்போறதுல முக்கியமானது இதுதான், மத்ததெல்லாம் மறந்தாலும் இத ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு கருப்பினக் கலைஞர் திரையில வந்து பாடுறாங்கன்னா ஒரு கேள்வி கேளுங்க: இந்தப் பாட்ட அப்படியே வெட்டி எடுத்துட்டா கதை உடையுமா, உடையாதா?

கருப்பினப் பாடகி, நடிகை லேனா ஹார்ன எடுத்துக்கோங்க. 1942ல எம்ஜிஎம் அவங்களோட ஒப்பந்தம் போட்டுச்சு, வேலக்காரி வேஷம் கெடையாதுங்குற பேச்சோட. அழகு, குரல், நடிப்பு எல்லாம் இருந்துச்சு. ஆனா படத்துக்குப் படம் பாருங்க, ஒரு தூண் மேல சாஞ்சு நிப்பாங்க, இல்ல ஒரு நைட் கிளப் மேடையில நிப்பாங்க, ஒரு பாட்டு முழுசாப் பாடுவாங்க, ஹீரோ ஹீரோயின் யாரும் அவங்ககிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாங்க, பாட்டு முடிஞ்சதும் ஆள் காணோம். காரணம் வியாபாரம். அமெரிக்காவோட தென் மாகாணங்கள்ல கருப்பினத்தவர கௌரவமான எடத்துல காட்டுனா அங்க இருக்குற தணிக்கக்காரங்களும் தியேட்டர்காரங்களும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால ஈஸியா வெட்டுற மாதிரியே அந்தப் பாட்ட படத்துல கோத்து வெச்சாங்க. மெம்ஃபிஸ் நகரத்துல லாயிட் பின்ஃபோர்ட்னு ஒரு தணிக்க அதிகாரி லேனா வர்ற காட்சிகள உண்மையிலேயே வெட்டித் தள்ளினாரு.

நம்ம பெரியவங்களுக்கு இது சட்டுனு புரியும், ஏன்னா செகண்ட் ஷோல பாட்டு வந்தா ஆப்பரேட்டர் வெட்டுறத அவங்க பாத்திருக்காங்க. என்.எஸ்.கிருஷ்ணன் தன் குழுவோட தனியா எழுதி எடுத்துக் குடுத்த காமெடி ட்ராக்கும் கதையோட ஒட்டாமத்தான் இருக்கும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம், கலைவாணர் ட்ராக்க படம் ஓடணும்னு சேத்தாங்க, லேனா பாட்ட தேவப்பட்டா கழட்டணும்னு வெச்சாங்க. அவர் பேர போஸ்டர்ல பெருசாப் போட்டா கூட்டம் வந்துச்சு, இவங்கள வெட்டினா கூட்டம் வரும்னு கணக்குப் போட்டாங்க.

இந்தக் கேள்விய ஒரு தடவ பழகிட்டா எல்லாப் படத்துலயும் கை தானாப் போகும். நிக்கலஸ் பிரதர்ஸ், அதாவது ஃபயார்ட், ஹெரால்ட்னு அண்ணன் தம்பி, ஹாலிவுட் பாத்ததுலயே பெரிய ஆட்டக்காரங்க. 1940ல வந்த டவுன் அர்ஜென்டைன் வேல ஒரு பாட்டு ஆடிட்டுப் போயிடுவாங்க, கதைக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. 1941ல வந்த சன் வேலி செரினேட்லயும் அதே கதை, கூட கருப்பின நடிகை டோரதி டாண்ட்ரிட்ஜும் ஆடுவாங்க, பாட்டு முடிஞ்சா மூணு பேருமே படத்துல கெடையாது. 1948ல த பைரேட் படத்துல வெள்ளக்கார ஹீரோ ஜீன் கெல்லி அவங்களோட தோளோட தோள் சேந்து ஆடினாரு, கெல்லி பிடிவாதமா நின்னு பண்ணின விஷயம் அது, அந்த ஆட்டத்தையும் தெற்குல சில ஊர்கள்ல வெட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் ஆடுறவங்க மொகத்த பாருங்க, வெட்டப்படலாம்னு தெரிஞ்சேதான் ஆடுறாங்க, ஆனா ஒரு அடி கூட கொறச்சு ஆடல.

வெட்ட முடியாத படம் ரெண்டு

1943ல ரெண்டு படம் வந்துச்சு, ரெண்டுலயும் நடிகர்கள் எல்லாருமே கருப்பினத்தவங்க. கேபின் இன் த ஸ்கை, எம்ஜிஎம் படம், வின்சென்ட் மினெல்லி இயக்கின மொதல் படம். இன்னொன்னு ஃபாக்ஸ் கம்பெனியோட ஸ்டார்மி வெதர். ரெண்டையுமே கண்டிப்பாப் போடுங்க.

கேபின் இன் த ஸ்கைல ஈத்தல் வாட்டர்ஸ் பக்தியான பொண்டாட்டி, எடி ஆண்டர்சன் சூதாடுற புருஷன், லேனா மயக்க வர்றவ. சொர்க்கத்து ஆளுங்களும் நரகத்து ஆளுங்களும் அந்தப் புருஷனோட உயிருக்கு சண்ட போடுறாங்க, நம்ம புராண நாடகம் பாத்தவங்களுக்கு அந்நியமாவே இருக்காது. இதுல பாக்க வேண்டியது என்னன்னா, எழுதினவங்களும் இயக்கினவரும் வெள்ளக்காரங்க, கருப்பின மக்கள்னா ஒண்ணு சூதாட்டம் இல்ல சாமி கும்புடுறதுங்குற பழைய அச்சுலதான் கதை வார்க்கப்பட்டிருக்கு, ஆனா ஈத்தல் வாட்டர்ஸ் அந்த அச்சுக்குள்ள நின்னுக்கிட்டே ஒரு முழு மனுஷியக் கொண்டு வந்துடுறாங்க. அவங்க புருஷனப் பாத்துப் பாடுற பாட்ட ரெண்டு தடவ போடுங்க, ரெண்டாவது தடவ சப்டைட்டில ஆஃப் பண்ணிட்டு மொகத்த மட்டும் பாருங்க. லேனா குளியல் தொட்டியில பாடுற ஒரு பாட்டும் இந்தப் படத்துக்கு எடுத்தாங்க, அத ரிலீசுக்கு முன்னாடியே நீக்கிட்டாங்க, 1994ல வந்த தட்ஸ் என்டர்டெய்ன்மென்ட்ங்குற தொகுப்புப் படத்தோட மூணாம் பாகத்துல அதப் பாக்கலாம், அதுல லேனாவே வந்து அந்தக் காலத்தப் பத்திப் பேசுவாங்க.

ஸ்டார்மி வெதர் சின்னப் படம், 78 நிமிஷம்தான், கதை ஒல்லி, பில் ராபின்சன்ங்குற கருப்பின ஆட்டக்காரரோட வாழ்க்கைய லேசா ஒட்டி எழுதினது. அவருக்கு அப்ப 65 வயசு, ஜோடியா நடிச்ச லேனாவுக்கு 26, பசங்க சிரிப்பாங்க, நம்ம ஊர் ஹீரோக்கள ஞாபகப்படுத்துங்க அமைதியாயிடுவாங்க. ஆனா ஃபேட்ஸ் வாலர், கேப் கேலவே, கேதரின் டன்ஹாம், நிக்கலஸ் பிரதர்ஸ்னு ஒரு தலைமுறையோட மேதைகள் மொத்தமா ஒரே படத்துல இருக்காங்க, இப்படி ஒரு பதிவு வேற எங்கயும் நமக்குக் கெடைக்காது. கடைசில படிக்கட்டுல நிக்கலஸ் பிரதர்ஸ் ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் தாண்டி கால அகல விரிச்சு விழுந்து எழுந்து வர்ற ஆட்டம், தான் பாத்ததுலயே பெரிய பாட்டுக் காட்சின்னு ஃப்ரெட் அஸ்டேரே சொன்னதாச் சொல்லுவாங்க.

மை பூசுற காட்சி வந்தா

ஃபார்வர்ட் பண்ணாதீங்க. படம் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இந்த எடத்துல இப்படி ஒண்ணு வரும், அது ஏன்னு.

சுருக்கமா இப்படிச் சொல்லலாம். 1830கள்ல இருந்து அமெரிக்காவுல வெள்ளக்கார நடிகர்கள் எரிச்ச கார்க்க மூஞ்சில பூசிக்கிட்டு அடிமைகளக் கிண்டல் பண்ணி மேடையில ஆடிப் பாடிக் காசு பாத்தாங்க. தாமஸ் ரைஸ்னு ஒரு நடிகர் ஆடின ஜிம் க்ரோ பாத்திரம் அதுல பேர் போனது, பின்னாடி கருப்பினத்தவங்களுக்குத் தனி பெட்டி, தனி ஸ்கூல்னு போட்ட சட்டங்களுக்கே அந்தப் பேர் வந்துடுச்சு. சினிமா பேச ஆரம்பிச்சதே இந்த மையோடதான், 1927ல வந்த த ஜாஸ் சிங்கர்ல ஆல் ஜோல்சன் மூஞ்சில இருக்கும். 1942ல வந்த ஹாலிடே இன்ல லிங்கன் பிறந்தநாள் பாட்டே இப்படித்தான், டிவியில போடும்போது பல தடவ அத எடுத்துட்டாங்க. ஜூடி கார்லண்டும் மிக்கி ரூனியும் சின்ன வயசுல நடிச்ச படங்கள்லயும் இருக்கு.

இதுல பேசுறதுக்குக் கஷ்டமானது 1936ல வந்த ஸ்விங் டைம். அஸ்டேர் பில் ராபின்சனுக்கு மரியாத செய்றேன்னு மை பூசி ஆடுறாரு, பின்னால மூணு பெரிய நிழல் கூடவே ஆடும், தொழில்நுட்பமா அற்புதம். ஆட்டத்தோட நடை ராபின்சனுது கூட இல்ல, ஜான் பபிள்ஸ்ங்குற இன்னொரு கருப்பின ஆட்டக்காரர் நடைக்குத்தான் நெருக்கம், அஸ்டேர் அவர்கிட்ட கத்துக்கிட்டும் இருக்காரு. மரியாத உண்மையாவே இருந்திருக்கலாம். ஆனா ராபின்சனும் பபிள்ஸும் அப்ப உயிரோட, நல்லா ஆடிக்கிட்டு இருந்தாங்க, அந்த ஸ்டேஜ்ல அஸ்டேரோட அவங்கள நிக்க வெக்க யாரும் தயாரா இல்ல. இத அப்படியே பசங்ககிட்ட சொல்லிட்டு, ஒடனே கேபின் இன் த ஸ்கைல பபிள்ஸ் ஆடுற காட்சியப் போட்டுக் காட்டுங்க. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா பத்து நிமிஷப் பேச்சு மிச்சம். 2021 மார்ச்ல டர்னர் கிளாசிக் மூவீஸ் சேனலும் 18 பழைய படங்கள இப்படித்தான் ஒளிபரப்பினாங்க, வெட்டாம, மொதல்லயும் கடைசிலயும் ஆளுங்கள உக்கார வெச்சுப் பேச விட்டு, அதுல ஸ்விங் டைமும் இருந்துச்சு.

யாரு யாரோட கையப் புடிக்கிறாங்க

ஹாலிவுட் கம்பெனிகள் 1930ல தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை எழுதிக்கிட்டாங்க, 1934ல இருந்து ஜோசஃப் ப்ரீன் ஆபீஸ் அதக் கறாரா அமல்படுத்துச்சு. வெள்ளக்காரங்களும் கருப்பினத்தவங்களும் காதலிக்கிற மாதிரிக் காட்டக் கூடாதுங்குறது அதுல ஒரு விதி, 1956 வரைக்கும் எழுத்துலயே இருந்துச்சு. இது தெரிஞ்சா நெறைய காட்சி புரியும். 1935ல த லிட்டில் கர்னல்ல பில் ராபின்சனும் ஷர்லி டெம்பிளும் படிக்கட்டுல ஆடுற ஆட்டம் இருக்கே, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அத ஒடனே போடுங்க, எழுந்து ஆட ஆரம்பிச்சிடும். போட்டுட்டு பெரியவங்க கவனிக்க வேண்டியது, ராபின்சன் அதுல பட்லர், ஜோடி ஆறு வயசுக் குழந்த. வளந்த ஒரு வெள்ளக்காரப் பொண்ணோட அந்த மனுஷன் ஆடுறத நெனச்சுக்கூடப் பாக்க முடியாது. குழந்தையோட கையப் புடிக்கிற ஷாட்டையே தெற்குல வெட்டினாங்க.

இதே விதியோட இன்னொரு விளைவ ஷோ போட் படத்தோட ரெண்டு பதிப்புல பாக்கலாம். கதையில ஜூலிங்குற பாடகிக்கு ஒரு பக்கம் கருப்பின ரத்தம், அவ வெள்ளக்காரனக் கட்டிக்கிட்டது மிசிசிபியில சட்டப்படி குத்தம், போலீஸ் வருது. 1936 பதிப்புல ஜூலியா நடிச்சது ஹெலன் மார்கன், வெள்ளக்காரங்க. 1951 பதிப்புலயும் வெள்ளக்காரங்கதான், ஏவா கார்ட்னர். இத எடுத்த எம்ஜிஎம்லதான் லேனா ஹார்ன் இருந்தாங்க, 1946ல ஒரு படத்துல ஷோ போட்லேர்ந்து ஒரு துண்டு காட்டினப்ப ஜூலியாப் பாடவும் செஞ்சாங்க, ஆனா முழுப் படம் எடுக்கும்போது அவங்களுக்கு அந்த வேஷம் இல்ல. தனக்குன்னு செஞ்ச மேக்கப்பயே மத்த நடிகைங்களுக்குப் பூசினாங்கன்னு அவங்க பின்னாடி பேசியிருக்காங்க. ரெண்டு பதிப்புல எதப் போடலாம்னு கேட்டா 1936தான், கருப்பினப் பாடகர் பால் ரோப்ஸன் ஆத்தங்கரையில உக்காந்து பாடுற அந்தப் பாட்டுக்காகவே. அதுலயும் ஒரு மை பூசுற பாட்டு இருக்கு, முன்னாடியே சொல்லிடுங்க. அமெரிக்கா முழுக்க அந்த மாதிரிக் கல்யாணத் தடச் சட்டங்கள் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 1967லதான்.

ட்ரே தூக்கிட்டு வர்றவங்களப் பேரோட பாருங்க

போன்ல தேடி, வேலக்காரி, போர்ட்டர், லிஃப்ட் ஆளா வர்ற ஒவ்வொருத்தர் பேரையும் கண்டுபுடிங்க, டைட்டில்ல பேர் இல்லாட்டியும் தேடினா கெடைக்கும். 1948ல வந்த ஈஸ்டர் பரேட்ல நடிகை ஆன் மில்லருக்கு வேலக்காரியா ஒரு பொண்ணு வரும். அது ஜெனி லகான். 1935ல ஹுரே ஃபார் லவ்ல பில் ராபின்சனோட சரிக்குச் சரி டாப், அதாவது காலால தாளம் தட்டுற ஆட்டம், ஆடின ஆட்டக்காரி, எம்ஜிஎம் ஒப்பந்தம் போட்டுட்டு அப்புறம் கைவிட்டுச்சு. பதிமூணு வருஷம் கழிச்சு, ஆட்டத்துக்குன்னே எடுத்த ஒரு படத்துல, ஆட விடாம ட்ரே தூக்க விட்டிருக்காங்க. எனக்கு இது இன்னமும் ஆத்தாமையா இருக்கு. அந்த ரெண்டு காட்சியையும் ஒண்ணா போட்டா யாரும் எதுவும் விளக்க வேண்டாம்.

ஹேஸல் ஸ்காட் வேற மாதிரி. ட்ரினிடாட்ல பொறந்த பியானோ மேதை, வேலக்காரி வேஷம் மாட்டேன், என் பேர்லயேதான் வருவேன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கினவங்க. 1943ல த ஹீட்ஸ் ஆன் படத்துல போர்க்களத்துக்குப் புருஷன வழியனுப்புற கருப்பினப் பொண்ணுங்களுக்கு அழுக்கு ஏப்ரன் மாட்டி விட்டாங்க, புருஷன வழியனுப்ப எந்தப் பொண்ணு அழுக்குத் துணியோட வருவான்னு கேட்டு ஷூட்டிங்குக்கு வராம நின்னுட்டாங்க, மூணு நாள். கம்பெனி எறங்கி வந்துச்சு, ஏப்ரன் போச்சு. அதுக்கப்புறம் அவங்களுக்குப் படமும் கொறஞ்சு போச்சு. அதே படத்துல ரெண்டு பியானோவ ஒரே நேரத்துல ரெண்டு கையால வாசிக்கிற காட்சி இருக்கு, இசை படிக்கிற பசங்க வீட்டுல இருந்தா வாய் மூடாது.

பழத் தொப்பிக்குப் பின்னால

பாடகி கார்மென் மிராண்டா போர்ச்சுகல்ல பொறந்து பிரேசில்ல வளந்தவங்க, அங்க பெரிய ஸ்டாரா இருந்துட்டுத்தான் அமெரிக்கா போனாங்க. மொதல் ஹாலிவுட் படம் டவுன் அர்ஜென்டைன் வே, அர்ஜென்டினாவுல நடக்குற கதை, அங்க ஸ்பானிஷ், இவங்க போர்ச்சுகீஸ்ல பாடுறாங்க. நம்மள எல்லாரையும் மதராஸின்னு ஒரே மூட்டையில கட்டினாங்களே, அங்க தென்னமெரிக்கா மொத்தமும் அப்படி ஒரு மூட்ட. அர்ஜென்டினாவுல ஆளுங்க கடுப்பானதுல ஆச்சரியமே இல்ல. கத்திரிக் கேள்விய இங்கயும் போட்டுப் பாருங்க, அவங்க காட்சிகள நியூயார்க்ல தனியா எடுத்து ஒட்டினது, அவங்க அப்ப அங்க நாடகத்துல ஆடிக்கிட்டு இருந்ததால. ஊருக்குத் திரும்பிப் போனப்ப பிரேசில்காரங்க அமெரிக்காக்காரி ஆயிட்டேன்னு மொகத்தத் திருப்பினாங்க, அதுக்குப் பதிலா ஒரு பாட்டே ரெக்கார்ட் பண்ணினாங்க.

இதுக்குள்ள இன்னொரு அடுக்கு இருக்கு, அதத் தவற விடாதீங்க. மிராண்டா பழம் அடுக்கி மாட்டிக்கிட்டு வர்ற அந்தத் தலப்பாக் கட்டு, கழுத்து நெறைய மணி, இதெல்லாம் பிரேசில்ல பாஹியா பக்கம் தெருவுல பலகாரம் விக்கிற கருப்பினப் பொண்ணுங்களோட உடுப்பு. அந்தப் பொண்ணுங்கள ஹாலிவுட்ல ஒருத்தரும் பாக்கல.

மும்பைப் பசங்களுக்குன்னு ஒரு படம்

வீட்டுல பாட்டி தமிழ்ல கேட்டா பேத்தி இந்தில பதில் சொல்ற வீடுன்னா 1961ல வந்த ஃப்ளவர் ட்ரம் சாங் போடுங்க. சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுன், அப்பா பழைய ஊர் நெனப்புல, பசங்க அமெரிக்காவுல, கல்யாணம் யாரு பேசி முடிக்கிறதுன்னு சண்ட. டோம்பிவிலி, முல்லுண்ட்ல நடக்குற அதே சண்டதான். நடிகர்கள் பெரும்பாலும் ஆசிய வம்சாவளி, பெரிய ஸ்டுடியோ படத்துல அது அப்ப நடக்காத காரியம், அடுத்து அப்படி ஒரு ஸ்டுடியோ படம் வர 1993 ஆச்சு, த ஜாய் லக் க்ளப். நான்ஸி க்வான் கண்ணாடி முன்னாடி ஆடுறது, ஜேம்ஸ் ஷிகேட்டா ரொமான்டிக் ஹீரோவா நிக்கிறது, ஆசிய ஆணக் காதலனாக் காட்டுறதே அப்ப அபூர்வம், ரெண்டையும் நிறுத்தி நிதானமாப் பாருங்க.

கொறையும் சொல்லணும். சீனக் குடும்பம்னு கதை, நடிக்கிற முக்கியமானவங்க பல பேர் ஜப்பானிய வம்சாவளி, மியோஷி உமேக்கி, ஷிகேட்டா, ஜாக் சூ. ஜாக் சூவோட சொந்தப் பேர் கோரோ சுஸூகி, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க அரசாங்கமே ஜப்பானிய வம்சாவளி ஆட்கள அடச்சு வெச்ச முகாம்ல இருந்தவரு, அப்புறம்தான் சூன்னு பேர வெச்சுக்கிட்டாரு. அத்த வேஷத்துல வர்ற ஹுவானிட்டா ஹால் கருப்பினக் கலைஞர், அவங்களுக்கு வாய்ச்ச பெரிய வேஷங்களே ஆசியப் பொண்ணு வேஷந்தான். நான்ஸி க்வானுக்குப் பாடினது வேற ஒருத்தர்.

இந்தக் குரல் விஷயத்துல நம்ம ஆட்கள் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும், ஏன்னா பின்னணிப் பாட்டு நமக்குத் தப்பே இல்ல, பி.சுசீலா, டி.எம்.சௌந்தரராஜன் பேரு டைட்டில்லயே வரும், ரசிகர் கூட்டமே தனி. ஹாலிவுட்ல மறச்சாங்க. டெபோரா கெர், நட்டாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன்னு மூணு பேருக்கும் பாடின மார்னி நிக்ஸன் பேர அப்ப திரையில போடல. 1954ல கார்மென் ஜோன்ஸ்ல டோரதி டாண்ட்ரிட்ஜுக்குப் பாடினது ஒரு வெள்ளக்காரப் பொண்ணு, 20 வயசு மேரிலின் ஹார்ன், இத்தனைக்கும் டாண்ட்ரிட்ஜே பாடகி. அந்தப் படத்துக்குத்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டிக்குப் போன மொதல் கருப்பினப் பொண்ணு ஆனாங்க. அதனால டப்பிங்கான்னு கேக்காம, பாடினவங்க பேர் எங்கன்னு கேளுங்க.

நம்ம ஆட்டமும் உள்ள இருக்கு

பரதநாட்டியம் தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா ஜாக் கோல் நடனம் அமைச்ச படங்கள போட்டே ஆகணும், 1953ல ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ், 1955ல கிஸ்மெட். அவர் பரதநாட்டியம் கத்துக்கிட்டு அத ஸ்விங்ங்குற ஜாஸ் இசைக்கு ஆடிப் பேர் வாங்கினவரு, அமெரிக்க ஜாஸ் நடனத்துல தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் தனித்தனியா அசையுற பாணிக்கு அவர்தான் பெரிய காரணம். முட்டி மடிச்சு அரைமண்டில நிக்கிறதையும் கண்ணு போற எடத்தையும் உங்க பொண்ணையே கண்டுபுடிக்கச் சொல்லுங்க. ஆனா அந்தப் படங்கள்ல நம்ம ஊர் ஆடறவங்க யாரும் இல்ல, பாக்தாத்ல நடக்குற கிஸ்மெட் கதையில கூட இல்ல. பாஹியாப் பொண்ணுங்களுக்கு நடந்தது நமக்கும் நடந்திருக்கு.

இன்னொன்னு, வயசுப் பசங்களோட பாக்குறவங்களுக்கு. முன்னாடி சொன்ன அந்த 1930 ஹாலிவுட் விதிமுறை ஒருபால் ஈர்ப்பப் பத்திப் பேசவும் தட போட்டுச்சு. அதனால டாப் ஹாட் மாதிரிப் படங்கள்ல எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன், எரிக் ப்ளோர் மாதிரி ஆட்கள் பதட்டமா, நளினமா, சிரிப்புக்குன்னு வருவாங்க, சொல்லாமச் சொல்ற வேஷம். பாட்டு எழுதின கோல் போர்ட்டர், லோரன்ஸ் ஹார்ட், ஈஸ்டர் பரேட் இயக்கின சார்ல்ஸ் வால்டர்ஸ், ஜாக் கோல், இவங்கள்லாம் தன்பால் ஈர்ப்பாளர்கள். அவ்வளவு காதல் பாட்டையும் எழுதி ஆட வெச்சவங்க, தங்களோட காதல ஒரு படத்துலயும் சொல்ல முடியல.

போடும்போது கவனிக்க வேண்டியது

ஒரே நாள்ல எல்லாத்தையும் திணிக்காதீங்க. மொதல் வாரம் படோசன் பாட்டும் ஸ்டார்மி வெதரும், அடுத்து ஸ்விங் டைம், கூடவே பபிள்ஸ் காட்சி, அப்புறம் ஃப்ளவர் ட்ரம் சாங். ஷோ போட்ட பெரியவங்க மட்டும் இருக்கும்போது வெச்சுக்கலாம், நீளம். சப்டைட்டில் போட்டே பாருங்க, பழைய ஒலிப்பதிவுல வசனம் பெரியவங்களுக்குப் புடிபடாது. படத்த நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசாதீங்க, மை பூசுற காட்சிய முன்னாடியே சொல்லியாச்சுன்னா நிறுத்துற தேவயே வராது, மிச்சத்த சாப்பாட்டுல பேசிக்கலாம். பசங்க கையில ஒரு பேப்பர் குடுத்து, கத்திரி எங்க விழும்னு தோணுதோ அங்க ஒரு கோடு போடச் சொல்லுங்க, கடைசில எல்லார் பேப்பரையும் வெச்சுப் பாருங்க, பெரியவங்க கண்ணுக்குப் படாதது அதுங்க கண்ணுக்குப் படும்.

வீட்டுக்குள்ள பாக்குறது வேற, சொசைட்டி ஹால்ல நோட்டீஸ் ஒட்டி எல்லாரையும் கூப்ட்டுப் போடுறது வேற, அதுக்குப் படத்தோட உரிமை வெச்சிருக்குறவங்ககிட்ட அனுமதி வாங்கணும், கமிட்டிகிட்டயும் முன்னாடியே பேசிடுங்க. ஸ்டார்மி வெதர் படிக்கட்டு ஆட்டம் படத்தோட கடைசிப் பகுதியிலதான் வரும், டோம்பிவிலி, கல்யாண் போறவங்க ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு அதுக்கு முன்னாடியே எழுந்துடுவாங்க, அதனால சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஷோவ ஆரம்பிச்சிடுங்க.